நாற்பத்தேழாம் பக்கம்

1934 ஜூன் 4, திங்கள்

பதினோரு ஆண்டு ஆலோசனைக்குப் பிறகு இன்று என் மேசையை வடக்குச் சன்னலிலிருந்து மேற்குச் சன்னலுக்கு மாற்றினேன். இத்தகைய முடிவுகளை அவசரத்தில் எடுக்கக் கூடாது. வடக்கில் ஒளி சீராக விழும். மேற்கில் மாண்டவி ஆறு தெரியும். ஒளியா, ஆறா என்று 1923 முதல் எடைபோட்டு வந்தேன். ஆறு வென்றது.

எங்கள் ஆவணக் காப்பகத்தின் இயக்குநர் தோத்தோர் செவெரீனு, லிஸ்பனில் பிறந்து 'தோத்தோர்' பட்டம் பெற்றவர், இதற்கான விண்ணப்பத்தை மூன்று படிகளில் கேட்டார். கொடுத்தேன். முதல் படியைப் படித்தார். மூன்றிலும் கையெழுத்திட்டார்.

மேசையின் ஒரு முனையைப் பிடித்து வந்தவர் விஸ்ராம். முப்பது ஆண்டுகளாக இங்கே புத்தகம் கட்டுபவர். மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்கும் விகிதம் கோவாவில் அவருக்கு மட்டுமே தெரியும். மேசையை இறக்கிவிட்டுக் கேட்டார்: "ஆச்சு பாப். சரித்திரம் இனிமே எந்தப் பக்கம் ஓடும்?"

நான் ஆற்றைப் பார்த்தேன்.

ஜூன் 6, புதன்

மழை பிடித்தது. சரியாக என் புதிய மேசைக்கு மேலே கூரை ஒழுகுகிறது. பதினோரு ஆண்டு ஆலோசனையில் கூரையைச் சேர்க்க மறந்திருக்கிறேன்.

ஜூன் 7, வியாழன்

ரொமால்தீனா வந்தாள். முதல் மழைக்கு அடுத்த நாள் தவளையும் அவளும் தவறுவதில்லை. தொர்மோல் தீவிலிருந்து இரண்டு துறை கடந்து, மழைக்குத் தலையில் கவிழ்த்த தாழம்பாய்க் கொங்காணியோடு, சொட்டச் சொட்ட வந்து என் எதிரே நிற்பாள். வயது ஐம்பது இருக்கும். கேள்வி ஒன்றுதான்.

"பாப், இந்த வருஷமாவது ஏதாவது கெடச்சுதா?"

"இல்லை ரொமால்தீனா."

"தேடினீங்களா?"

"தேடினேன்."

"எங்க, அதே எடத்துலயா?"

இந்த நாட்குறிப்பை நான் செத்த பிறகு யாராவது படித்தால் அவர்களுக்காக இதை எழுதிவைக்கிறேன். 1912இல் நான் தீவுகளின் காவல் வரலாற்றை எழுதி வெளியிட்டேன். அதன் நாற்பத்தேழாம் பக்கத்தில், 1687இல் அக்கரைப் படகுகள் தொர்மோலுக்குள் புகுந்தது எப்படி என்று இருக்கிறது. மதகுக்காரன் மத்தியாசு பறெத்து பகைவரோடு சேர்ந்து மதகைத் திறந்தான், உப்புநீர் வயல்களில் ஏறி மூன்று விளைச்சல் நாசமானது, கோட்டைத் தலைவரான கப்பித்தான் ருய் பெரெஸ்த்ரெலு வாளேந்திக் கடைசிவரை போராடினார். ஆதாரம்: கப்பித்தானே போர்த்துகல் மன்னருக்கு எழுதிய கடிதம், முதல் படி. அடிக்குறிப்பு அழகாக இருக்கும்.

தங்கள் ஊர் அச்சில் ஏறிய பெருமையில் தொர்மோல் பங்குச் சாமியார் அந்தப் பக்கத்தைப் பூசையில் உரக்க வாசித்துவிட்டார். தொர்மோலில் ஆகஸ்டு பதினைந்தில் முதல் நெற்கதிரை அறுத்துக் கோயிலில் ஆசிபெற்று ஆளுநர் மாளிகைக்குக் கொண்டுபோவது வழக்கம். அந்த அரிவாள் நினைவுக்கு எட்டாத காலம் தொட்டுப் பறெத்து வீட்டாருடையது. வயலில் உப்பு ஏற்றியவன் வம்சம் முதல் கதிரைத் தொடுவதா? 1913இல் காணியாளர்கள் கூடி அரிவாளைப் பறித்தார்கள். அன்று அதைக் கையிலிருந்து கொடுத்தவர் ஜெரோனிமு பறெத்து, ரொமால்தீனாவின் தகப்பனார். அவருக்கு இப்போது எண்பத்தொரு வயது.

"உங்க புஸ்தகத்த நான் படிச்சதில்ல பாப். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா அதுல நாப்பத்தேழாம் பக்கம் எங்க கூரை மேல விழுந்து இருவத்தோரு வருஷம் ஆச்சு. எங்களுக்கு ஊர்ல என்ன பேரு தெரியுமா? உப்பு வீடு. என் தங்கச்சிய கட்டிக்க ஆள் வரல. கடைசில பம்பாய்க் கப்பல்ல சமையல்காரன் ஒருத்தன் வந்தான், அவனுக்கு எங்க கதை தெரியாது."

"அப்பா எப்படி இருக்கிறார்?"

"அரிவாளப் பத்திப் பேசறதே இல்ல. அதான் பயமா இருக்கு. ஒரு தரம் அத அவர் கையில பாத்துட்டா எனக்குப் போதும். சரி, மழை விட்டுடுச்சு, வரேன்."

மழை விடவில்லை.

ஜூன் 11, திங்கள்

இரவெல்லாம் பெய்ததில் மேசைக்கு மேலுள்ள அலமாரியின் பின்வரிசை நனைந்துவிட்டது. அங்கே இருப்பவை திரும்பிவந்த கப்பல்களின் கடிதக் கட்டுகள். யாரும் தொடாதவை. தொட வேண்டாம் என்று அட்டவணையில் எழுதிவைத்தவனே நான்தான்.

அந்நாளில் இங்கிருந்து மன்னருக்குப் போகும் ஒவ்வொரு கடிதத்தையும் மும்முறை எழுதி மூன்று கப்பல்களில் அனுப்புவார்கள். ஒன்று முழுகினால் மற்றொன்று. அதுவும் முழுகினால் மூன்றாவது. முதல் படியின் நகல் இங்கே பதிவேட்டில் ஏறும். எனவே நான் 1909இல் ஒரு விதி செய்தேன்: 'இரண்டாம், மூன்றாம் படிகள் முதல் படியே; வாசிக்கத் தேவையில்லை.' அந்த விதியைப் பாராட்டி லிஸ்பனிலிருந்து கடிதம் வந்தது. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

விஸ்ராமும் நானும் நனைந்த கட்டுகளைத் தரையில் பரப்பினோம். ஒன்று 1688இல் பருவக்காற்றைத் தவறவிட்டு நடுக்கடலிலிருந்து திரும்பிய கப்பலுடையது. அதில் மெழுகுத்துணி சுற்றிய ஒரு பொதி. அரக்கு முத்திரை உடையவில்லை. மேலே: 'மன்னர் பெருமானுக்கு. தொர்மோல் கப்பித்தானிடமிருந்து. மூன்றாம் படி.'

"நம்ம புஸ்தகத்துல வர ஆளுதான?" என்றார் விஸ்ராம்.

"ஆமாம். ஆனால் மூன்றாம் படி. உள்ளே இருப்பது எனக்கு மனப்பாடம்."

"தண்ணி உள்ள போயிருந்தா ஒட்டிக்கும் பாப். சீக்கிரம் பிரிச்சுக் காயவைக்கணும்."

"பிரிக்க முடியாது. மன்னருக்கு எழுதியது."

விஸ்ராம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே பதியவில்லை.

ஜூன் 14, வியாழன்

முத்திரையை உடைக்க அனுமதி கோரி விண்ணப்பம் கொடுத்தேன். மூன்று படிகள்.

இயக்குநர் கவலைப்பட்டார். "இது மன்னர்பேருக்கு வந்த தனிக் கடிதம். அவர் பிரிக்கல. நாம எப்படிப் பிரிக்கறது?"

"மன்னர் இறந்துவிட்டார், தோத்தோர்."

"அவர் வாரிசு?"

"மன்னராட்சியே போய்விட்டது. குடியரசு வந்து இருபத்து நான்கு ஆண்டு."

"அதுதான் சிக்கல். முகவரிதாரரே இல்லாத கடிதம். இதுக்கு விதி இருக்கா?"

தேடுவதாகச் சொன்னேன்.

ஜூன் 20, புதன்

அஞ்சல் சட்டத்தில் இல்லை. திருச்சபைச் சட்டத்தில் இல்லை. அனாதைச் சொத்துச் சட்டத்தில் ஏதோ இருக்கிறது, ஆனால் அது கால்நடைகளுக்கு.

ஜூன் 24, ஞாயிறு

புனித யோவான் திருநாள். தெருப் பையன்கள் இலைக்கிரீடத்தோடு ஒவ்வொரு கிணறாகக் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். என் மனைவி எர்மெலிண்டா அவர்களுக்குப் பலாப்பழம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மூணு நாளா ஒண்ணும் பேசல. என்னவாம்?"

"ஒரு கடிதம் நனைந்துகொண்டிருக்கிறது."

"பிரிச்சுப் படிங்களேன்."

"ராஜாவுக்கு எழுதியது."

"ராஜா என்ன, வந்து கேக்கப்போறாரா?"

சட்டப்படி இவள் சொல்வதும் இயக்குநர் சொல்வதும் ஒன்றுதான். முடிவுதான் வேறு.

ஜூன் 27, புதன்

இயக்குநரின் தீர்ப்பு: மன்னரின் சொத்தெல்லாம் குடியரசுக்கு வந்தது போல, மன்னர் படிக்காமல் விட்ட கடிதங்களும் குடியரசுக்கு வந்து சேர்ந்தன. குடியரசின் சார்பில் நாளை பிரிக்கலாம்.

ஜூன் 28, வியாழன்

எப்படி எழுதுவது, எங்கே தொடங்குவது?

விஸ்ராம் எலும்புக் கத்தியால் அரக்கை உடைக்காமல் நெகிழ்த்தி எடுத்தார். துணியைப் பிரித்தோம். தண்ணீர் உள்ளே போகவில்லை. தாளை விரித்தபோது மடிப்புக்குள்ளிருந்து மேசைமேல் ஏதோ உதிர்ந்தது. மணல். மை உலர எழுத்தர் தூவும் மெல்லிய கருமணல். 1687இல் ஒருவன் ஒரு பிடி எடுத்துத் தூவியது, இன்று என் மேசையில் விழுந்தது. அதை ஊதவோ துடைக்கவோ எனக்குக் கை வரவில்லை.

வெளிச்சமே படாத மை. நம்முடைய பழைய மைகளெல்லாம் துருநிறம் கொண்டுவிட்டன. இது நேற்று எழுதியது போலக் கறுப்பு. இந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். தொர்மோல் கோட்டை எழுத்தர் லெயாந்த்ரு, இந்த ஊர்க்காரன். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் பேனாவைத் தாளிலிருந்து எடுக்கத் தயங்குபவன் போல ஒரு சிறு வாலை இழுப்பான். முப்பது ஆண்டாக அந்த வாலைப் பார்க்கிறேன்.

முதல் பதினான்கு வரி முதல் படியே, எழுத்துப் பிசகாமல். நான் படிக்கக்கூட இல்லை, உதடு தானாகச் சொல்லிக்கொண்டு போனது. பதினைந்தாம் வரியில் உதடு வேறு சொன்னது, தாள் வேறு சொன்னது.

பிறந்து வளர்ந்த வீட்டில் ஒரு புதிய கதவைக் கண்டவன் போல நின்றேன். பெயர்த்து எழுதுகிறேன்:

'அக்கரைப் படகுகள் வருவது கண்டு கப்பித்தான் ஐயா தம் படகையும் பெட்டிகளையும் வயல் வாய்க்கால் வழியே வெளியேற்ற எண்ணி மதகைத் திறக்கச் சொன்னார். கடல் ஏற்றத்தில் திறந்தால் மூன்று விளைச்சல் போகும் என்று மதகுக்காரன் மத்தியாசு பலகையின்மேல் உட்கார்ந்துகொண்டான். அவனைக் கட்டினோம். திறந்தோம். நானும் ஒரு கை வைத்தேன். கப்பித்தான் ஐயா போனார். அதே வழியில் அக்கரையார் வந்தார்கள். கட்டை அவிழ்த்துக்கொண்ட மத்தியாசு தன் இரு மகன்களோடு கழுத்தளவு நீரில் இறங்கிப் பலகைகளைத் திரும்பச் செருகினான். மூத்தவன் பலகைக்கும் கல்லுக்கும் நடுவே சிக்கி மாண்டான். இதை இங்கே எழுதுகிறேன். ஏனெனில் இந்தப் படியை யாரும் படிக்கப்போவதில்லை என்று கப்பித்தான் ஐயாவும் அறிவார், நானும் அறிவேன். ஆண்டவர் படிப்பார்.'

அடுத்த வரியிலிருந்து மறுபடியும் முதல் படி. மன்னரின் பாதங்களை முத்தமிடுவது, ஆயுள் வேண்டுவது, எல்லாம் எழுத்துப் பிசகாமல். அடியில் கப்பித்தானின் கையொப்பம், அவருடைய அந்த மூன்று சுழி அலங்காரத்தோடு. படிக்காமல் போட்டிருக்கிறார். மூன்றாம் படியை யார் படிப்பார்கள்?

யாரும் படிக்கவில்லை. மன்னர் படிக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டாக அதற்கு ஆறடி தூரத்தில் இருந்த நான், படிக்க வேண்டாம் என்று விதியே செய்தேன்.

விஸ்ராமுக்கு வாசித்துக் காட்டினேன். மணலைப் பார்த்துச் சொன்னார்:

"சாமி படிச்சிட்டாரு போல பாப். படிச்சு முடிச்சிட்டுத்தான் கப்பலத் திருப்பி அனுப்பிருக்காரு."

ஜூன் 29, வெள்ளி

மணலை ஒரு காகிதத்தில் மடித்து, உறையில் இட்டு, அட்டவணை எண் கொடுத்தேன். காப்பகத்தில் மணலுக்கு எண் கொடுத்தது இதுவே முதல் முறை.

அந்த ஒரு வரி. 'நானும் ஒரு கை வைத்தேன்.' அதை விட்டிருக்கலாமே? அது இல்லாமலே கதை முழுமையாக இருக்கிறது. எவன் கேட்டான்?

ஜூலை 3, செவ்வாய்

போலியாக இருக்கக் கூடுமா என்று நான்கு நாள் சோதித்தேன். தாளின் நீர்க்குறி சரி. முத்திரை சரி. கையொப்பத்தைப் பன்னிரண்டு பிற கையொப்பங்களோடு ஒப்பிட்டேன். சரி. பொய்யாக இருக்கவேண்டும் என்று நானே எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதும் சோதனையில் தெரிந்தது.

ஜூலை 9, திங்கள்

இயக்குநரிடம் சொன்னேன். கெட்டவர் அல்லர். கதவைச் சாத்தினார், எனக்கு நாற்காலி போட்டார், காப்பி வரவழைத்தார். மூன்றும் கெட்ட சகுனம்.

நிலவரம் இது. என் நூலை அரசு அச்சகம் மறுபதிப்புச் செய்கிறது. ஆகஸ்டு பதினைந்தில் தொர்மோல் மதகில் கப்பித்தான் பெரெஸ்த்ரெலுவின் வீரத்துக்கு ஒரு கற்பலகை. ஆளுநர் திறக்கிறார். கல்லில் வெட்டியிருக்கும் வாசகம் என் நாற்பத்தேழாம் பக்கம்தான். அதே மேடையில் எனக்கு ஒரு பதக்கம்.

"நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம் தெர்த்துலியானு," என்றார். "ஆனா உண்மைக்கு என்ன அவசரம்? இருநூத்தி நாப்பத்தேழு வருஷம் பொறுத்துருக்கு."

"ஜெரோனிமு பறெத்துக்கு எண்பத்தொன்று, தோத்தோர்."

"அது யாரு?"

சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"ஒரு அரிவாளுக்காக ஒரு கப்பித்தானைக் கோழையாக்கணுமா? லிஸ்பன்ல என்ன சொல்லுவாங்க? ஒண்ணு பண்ணுங்க. அடுத்த வருஷம் இதழ்ல ஒரு சிறு குறிப்பு. சின்ன எழுத்துல."

ஜூலை 12, வியாழன்

அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. நாற்பத்தேழாம் பக்கம் நாற்பத்தேழாம் பக்கமாகவே இருக்கிறது. 1912இல் விடுபட்ட ஒரு காற்புள்ளியைச் சேர்த்திருக்கிறார்கள்.

ஜூலை 15, ஞாயிறு

ஒரு யோசனை வந்து காலையிலிருந்து போகமாட்டேன் என்கிறது. மெய்ப்பை இயக்குநர் மூன்று படிகளில் கையெழுத்திட்டு அச்சகத்துக்கு அனுப்புவார். மூன்றாவதில் மட்டும் நான் திருத்தினால் அதைப் படிக்கமாட்டார். அச்சகத்தில் எந்தப் படியைக் கோப்பார்கள் என்பது அச்சுக் கோப்பவனுக்கும் விஸ்ராமுக்கும் உள்ள நட்பைப் பொறுத்தது.

விஸ்ராமிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "செஞ்சிடலாம் பாப்! ஒரு பாட்டில் ஃபெனிச் சாராயம் போதும். அவன் என் சம்பந்தி."

வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போது யோசித்தேன். லெயாந்த்ருவுக்கு மூன்றாம் படி தவிர வேறு வழி இல்லை. முதல் படியில் எழுதியிருந்தால் கழுத்து போயிருக்கும். எனக்கு என்ன போகும்? ஒரு பதக்கம், ஒரு மேசை. கழுத்து பத்திரமாக இருப்பவன் கழுத்துக்குப் பயந்தவனின் வழியில் போனால்... என்னடா தெர்த்துலியானு, அறுபதை நெருங்குகிறாய், உன் பெயரைப் போட்டுத்தானே தப்பை எழுதினாய்? தைரியமா போட்டியே!

ஜூலை 16, திங்கள்

முதல் படியில் திருத்தினேன். சிவப்பு மையில், பெரிய எழுத்தில், ஒவ்வொரு சொல்லும் தெரிய. கீழே: '1912 பதிப்பில் இதற்கு மாறாக எழுதியது இந்நூலாசிரியனின் பிழை. மூன்றாம் படியை வாசிக்க வேண்டாம் என்று விதி செய்தவனும் அவனே. நானும் ஒரு கை வைத்தேன்.' கடைசி வாக்கியத்தை மேற்கோள் குறி இல்லாமல் போட்டேன்.

இயக்குநர் மேசையில் நானே கொண்டுபோய் வைத்தேன். அவர் படித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன். சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீங்க மூணாவதுல மாத்தியிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேனே மனுஷா."

ஆக, அவருக்குத் தெரியும்.

ஜூலை 24, செவ்வாய்

மறுபதிப்பு 'காகிதத் தட்டுப்பாட்டால்' நிறுத்தம். அச்சகத்தில் காகிதம் கூரைவரை இருக்கிறது என்று விஸ்ராமின் சம்பந்தி சொன்னானாம். நூலில் வராவிட்டால் தொர்மோலுக்கு எப்படித் தெரியும்? அங்கே நூல் போய்ச் சேர்ந்ததே சாமியார் வாய் வழியாகத்தான். வாய் என்னிடமும் இருக்கிறது.

ஆகஸ்டு 5, ஞாயிறு

இரண்டு துறை கடந்து தொர்மோல் போனேன். முப்பது ஆண்டு அந்தத் தீவைப் பற்றி எழுதியிருக்கிறேன். இன்றுதான் முதன்முறையாகக் கால் வைத்தேன். மதகைப் பார்த்தேன். நான் கற்பனை செய்திருந்ததைவிடச் சிறியது. ஆறு பலகை, இரண்டு கல். அந்த இடைவெளியில் ஓர் ஆள் எப்படி... பார்த்துக்கொண்டே நின்றேன்.

பூசை முடிந்து காணியாளர்கள் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். இருபது பேர். தலைவர் பஸ்தியாவ், தடித்த மனிதர். நான் வந்த காரியம் சொல்லி, கடிதத்தின் மொழிபெயர்ப்பைக் கொங்கணியில் வாசித்தேன். முடிந்ததும் எவரிஸ்து என்பவர் எழுந்தார். எந்த ஊரிலும் இப்படி ஒருவர் உண்டு. வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக ஆறு மாதம் இருந்தவர்.

"முதல் படி இருக்கறப்போ மூணாம் படி எப்படிய்யா செல்லும்?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்போ உன் மூணாவது மகன் செல்லாதவனா எவரிஸ்து?"

சிரிப்பு. பஸ்தியாவ் கைத்தடியைத் தட்டினார். "சும்மா இருங்க. பாப், இத எழுதுனது யாரு?"

"கோட்டை எழுத்தர்."

"நாப்பத்தேழாம் பக்கம் எழுதுனது?"

"நான்."

"அப்போ ரெண்டு எழுத்தருங்க சண்ட. அன்னிக்கு ஒங்கள நம்பி ஒருத்தர் கையிலருந்து அரிவாளப் புடுங்கினோம். இன்னிக்கு ஒங்கள நம்பித் திருப்பிக் கொடுக்கணும். நாளைக்கு நாலாம் படி ஒண்ணு எடுத்துட்டு வருவீங்களா?"

"என்னை நம்பவேண்டாம். அவனை நம்புங்கள்."

"ஏன்?"

"மதகைத் திறந்ததில் தன் கையும் இருந்தது என்று அவனே எழுதியிருக்கிறான். யாரும் கேட்கவில்லை. என் புத்தகத்தில் முந்நூறு பக்கம். என்னைப் பற்றி அப்படி ஒரு வரி அதில் கிடையாது."

பஸ்தியாவ் மூக்குப்பொடி டப்பாவைத் திருகினார். "அரிவாளப் புடுங்கினப்போ நானும் கை தூக்கினேன்," என்றார் யாரையும் பார்க்காமல். "நல்லாத் தூக்கினேன்." பிறகு தலையை நிமிர்த்தினார். "ஜெரோனிமு கையில அரிவாள் போகலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

எண்ணினேன். பதினேழு. எவரிஸ்து கடைசியாகத் தூக்கினார், 'சட்டப்படி ஆட்சேபத்தோடு' என்று சொல்லிக்கொண்டு. மற்ற மூவரும் கற்பலகை விருந்துக்கு ஆளுநர் வருவார் என்று பன்றி வளர்த்துக்கொண்டிருந்தவர்களாம்.

வாசலில் ரொமால்தீனா. பெண்களுக்கு மண்டபத்துக்குள் இடமில்லை. தூண் மறைவில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், அதையும் பதிகிறேன்.

"அரை மணி நேர வேலை," என்றாள். "இருவத்தோரு வருஷம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கஞ்சி குடிச்சிட்டுப் போங்க. கருவாடு இருக்கு. உப்பு வீட்டுக் கருவாடு, நல்லாத்தான் இருக்கும்."

குடித்தேன். மிக நன்றாக இருந்தது. கிழவர் வீட்டில் இல்லை.

ஆகஸ்டு 9, வியாழன்

தொர்மோல் நிகழ்ச்சிக்கு ஆளுநருக்கு நேரமில்லை என்று அறிவிப்பு. கற்பலகை சுங்கக் கிடங்கில் இறங்கியிருக்கிறது.

ஆகஸ்டு 15, புதன்

எர்மெலிண்டாவும் வந்தாள். விஸ்ராமும் வந்தார், கிறிஸ்தவத் திருநாளுக்கு எதற்கு என்று கேட்டதற்கு, "நெல்லு என்ன மதம் பாப்?" என்றார்.

மழை ஓய்ந்திருந்தது. மேளம், இரண்டு பிடில், குடை, சாமியார், பின்னால் ஊர். வரப்பில் எல்லோரும் நின்றார்கள். ஜெரோனிமு பறெத்து மட்டும் வயலில் இறங்கினார். குச்சி போன்ற மனிதர், கறுப்புக் கோட்டு, வெறுங்கால். பஸ்தியாவ் அரிவாளை இரண்டு கையாலும் நீட்டினார். கிழவர் வாங்கி, கூர்மையைக் கட்டைவிரலால் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

முதல் வீச்சில் கதிர் அறுபடவில்லை. பிடில்காரர்கள் வில்லை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் வீச்சில் அறுந்தது. கதிர்க்கட்டை உயர்த்திப் பிடித்தார். நீர் சொட்டியது. அந்தக் கை, அந்தப் பச்சைக் கதிர், பின்னால் ஆறு பலகையும் இரண்டு கல்லும். நான் எத்தனையோ பெரிய காரியங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். எதையும் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். தொப்பியைக் கழற்றியிருந்தேன், எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை.

ரொமால்தீனா என் அருகில் முணுமுணுத்தாள்: "பத்து நாளா வெண்டச்செடியில பழகுனாரு. வீட்ல ஒரு வெண்ட மிச்சமில்ல."

ஆகஸ்டு 17, வெள்ளி

கதிர் ஆளுநர் மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தது. வரவுப் பதிவேட்டைப் பார்த்தேன்: 'தொர்மோல், நெற்கதிர், ஒரு கட்டு, கொண்டுவந்தவர் ஜெரோனிமு பறெத்து.' ஒரே ஒரு படி.

ஆகஸ்டு 30, வியாழன்

அரசிதழ். நான்காம் பக்கம், இரண்டாம் பத்தி: காப்பக வேலையிலிருந்து எனக்குக் கட்டாய ஓய்வு, செப்டம்பர் முதல்.

எர்மெலிண்டா இரண்டு முறை படித்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 3, திங்கள்

காலை பத்து மணிக்கு வீட்டில் இருந்தேன்.